ஷெட்டில் பூஜ்யம்

மனிதகுலம் நெருப்பை அடக்கியது. ஆறுகளுக்கு அணை போட்டது. கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் காற்றையும் வென்றது. வென்ற இடம், ஒரு பேருந்துப் பணிமனையின் பழுதுபார்க்கும் ஷெட். வென்றவர்கள் அனைவரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். புகைப்படத்துக்காக மட்டும் கழற்றினார்கள். எடுத்து முடித்ததும் அவசரமாக மாட்டிக்கொண்டார்கள்.

முகக்கவசம் இல்லாமல் நின்றவர் ஒருவர்தான். அவரைப் பிஸ்டன் என்று கூப்பிடுவார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த ஷெட்டில் என்ஜின் பிரித்துக் கோத்துக்கொண்டிருப்பவர். ஓரிடத்தில் நிற்காமல் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருந்ததால் வைத்த பெயர். போன வருஷம் மாரடைப்பு வந்தபிறகு மேலும் கீழும் போவது நின்றுவிட்டது. பெயரை யாரும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது இதய மருத்துவர் சொன்னார்: "புகை பக்கமே போகாதீங்க."

"எனக்குப் பிடிக்கிற பழக்கம் கிடையாதே டாக்டர்."

"நீங்க அதைப் பிடிக்கல. அது உங்களைப் பிடிச்சிருக்கு. எங்க வேலை பாக்கறீங்க?"

சொன்னார். மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அங்கேருந்து எப்படியாவது வெளிய வந்துடுங்க. இன்னொன்னு வந்தா தாங்காது" என்றார்.

வெளியே வர ஒரு வழி இருந்தது. பணிமனையின் பின்கோடியில், திறந்த வெட்டவெளியை ஒட்டி, டயர் கிடங்கு. டயரை அடுக்க வேண்டும், எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்ற நேரத்தில் டயர்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கலாம். அங்கே மாற்றிவிடும்படி பிஸ்டன் மேலாளரிடம் கேட்டார். மேலாளர் நல்லவர்; யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை.

"தாராளமா மாத்தறேன். ஆனா நாளைக்கு ஆளாளுக்கு நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு வந்து நின்னா நான் பஸ்ஸை எங்க கொண்டுபோய் ரிப்பேர் பண்றது? ஷெட்டுல காத்து மோசம்னு முறைப்படி அளந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே நீங்க டயர் கிடங்குல இருப்பீங்க."

பணிமனை வாசலில் காற்றின் தரத்தைக் காட்டும் மின்பலகை ஒன்று இருந்தது. அது எந்நேரமும் பச்சையாகவே எரிந்தது. மேலாளர் அதையும் ஒருமுறை விரலால் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

பிஸ்டனின் மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவள். அவளுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. "அளக்கணும், அவ்வளவுதானே? அளக்கறவன் என் கூடப் பொறந்தவனாச்சே!"

உண்மைதான். அவள் தம்பி காற்றுத் தூய்மை ஆணையத்தில் கருவிப் பிரிவில் இருந்தான். அலுவலகத்தில் அவனுக்கு மீட்டர் என்று பெயர். கருவிகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. மனிதர்களிடம் பேசுவதுதான் வராது; அதிலும் மேலதிகாரிகளிடம் பேசுவதென்றால், தொண்டையில் யாரோ திருப்புளி போட்டு இறுக்கியதுபோல ஆகிவிடும்.

அக்காள் தைத்துக்கொண்டே கேட்டாள். "வாசல்ல பச்சையா எரியுதாமே, அது என்னடா பொய்யா?"

"பொய்யில்லக்கா. அது தூசியோட எடையப் பாக்குது. மாமாவோட ஷெட்டுல இருக்கறது எடையே இல்லாத தூசி. ஒரு தலைமுடியைத் தடிமன்ல ஆயிரமாப் பிளந்தா எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் ஒண்ணு. கோடிக்கணக்குல இருந்தாலும் அந்த மெஷினுக்குத் தெரியாது."

அக்காள் இதை ஏற்கவில்லை. அவளிடமும் ஓர் அளவுகோல் இருந்தது. கணவரின் வேலைச் சட்டையைத் துவைக்கும்போது வாளியில் இறங்கும் கறுப்பு. புது என்ஜின் பஸ்கள் வந்தபிறகு கறுப்பு பாதியாகக் குறைந்திருந்தது; அதை அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டுமிருந்தாள்.

"கண்ணுக்குத் தெரியறது குறைஞ்சிருக்குக்கா. தெரியாதது குறையல."

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு அது என்னடா பண்ணிடும்?"

"பெருசா இருந்தா மூக்குலயே மாட்டிக்கும், தும்மினா வெளிய வந்துடும். இது நுரையீரல்ல அடிமட்டம் வரைக்கும் இறங்கி, அங்கேருந்து ரத்தத்துல கலந்து, நேரா இதயத்துக்கே போயிடும்."

நாற்காலியில் சாய்ந்திருந்த பிஸ்டன், "டிக்கெட் வாங்காமலா மாப்ள?" என்றார்.

"அதை எண்ணறதுக்கு எங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கு மாமா. வெளிநாட்டுலேருந்து வந்தது. கொண்டுவந்து அளந்துட்டா மேலாளர் வாயே திறக்க முடியாது."

"கொண்டு வா" என்றாள் அக்காள்.

கொண்டுவருவதில் ஒரே ஒரு சிக்கல். அந்த இயந்திரம் ஆல்கஹால் இல்லாமல் எண்ணாது. துகள்கள் அதற்கு வெறுங்கண்ணில் தெரிவதில்லை. உள்ளே இழுத்த காற்றை ஆல்கஹால் ஆவிக்குள் செலுத்திக் குளிர்வித்தால், ஒவ்வொரு துகளும் ஒரு துளியைப் போர்த்திக்கொண்டு பருக்கும். அப்போது ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளும். புட்டி காலியாக இருந்தால் துகள்கள் போர்வையில்லாமல் அதன் கண்ணெதிரே ஊர்வலம் போகும். அது ஒன்றும் இல்லை என்று சாதிக்கும். ஆணையத்தில் இத்தகைய பார்வையுள்ளவர்கள் வேறு சிலரும் இருந்ததால் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

இயந்திரம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆல்கஹால் வரவில்லை. கொள்முதல் பிரிவு மீட்டரைக் கூப்பிட்டு விசாரித்தது.

"யாருக்கு?"

"துகளுக்கு சார்."

"துகள் குடிக்குமா?"

"போத்திக்கும் சார்."

கொள்முதல் அதிகாரி அவனை வெகுநேரம் பார்த்தார். முன்பொரு சமயம் ஆய்வகத்துக்கு வாங்கிய ஸ்பிரிட் ஒரு பிரிவுபசார விழாவுக்குப் பிறகு காணாமல் போயிருந்தது. அதிலிருந்து அந்தப் பொருளின் பெயரைக் கேட்டாலே கோப்பைத் தள்ளி வைத்துவிடுவார். கோப்பு மேலே போய், கீழே வந்து, பக்கவாட்டிலும் சென்றது. அதுவரை இயந்திரம் இயக்குநரின் அறையில் வெல்வெட் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. விருந்தாளிகள் வந்தால் துணியை விலக்கிக் காட்டுவார்.

மீட்டர் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, பணிமனை ஷெட்டை அளக்க வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னான். அவர் மகிழ்ச்சியில் எழுந்தே விட்டார். அளப்பது பற்றி அவருக்கு மகிழ்ச்சி இல்லை. வெல்வெட் துணியை வெளியூர் விருந்தினர் முன்னிலையில் விலக்கும் வாய்ப்பு பற்றித்தான். மறுநாளே தேதி குறித்தாகிவிட்டது, மேடையும் சொல்லியாகிவிட்டது.

மீட்டர் இயக்குநரின் உதவியாளரிடம் ஓடினான்.

"சார், இன்னும் ஆல்கஹால் வரல."

"அது இல்லாட்டி மெஷின் ஓடாதா?"

"ஓடும் சார். எண்ணாது."

"ஓடுதுல்ல? போதும்."

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஷெட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாசலில் பஸ்கள் என்ஜினை அணைக்காமல் நின்றன. அணைத்தால் திரும்பக் கிளம்பாத வண்டிகள் அவை. இயந்திரத்தின் முகப்பில், புட்டி காலியானால் எரியும் சிறு சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அதை முழுக்க மறைத்து, இயக்குநரின் பெயரும் பதவியும் பொறித்த ஸ்டிக்கரை நேராகப் பார்த்து ஒட்டியிருந்தார்கள்.

இயக்குநர் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் உறுமிற்று. திரையில் எண் வந்தது. பூஜ்யம்.

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பூஜ்யமேதான். மீட்டர் அவருக்கு இரண்டடி தள்ளி நின்றான். பூஜ்யம் காட்டினால் பிழை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், விழா சப்பென்று முடியும், ஆல்கஹால் வந்ததும் அளந்துகொள்ளலாம் என்பது அவன் போட்டுவைத்திருந்த கணக்கு. சபை நடுவே பூஜ்யத்தை நம்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஒன்றுகூட இல்லை!" என்றார் இயக்குநர் மைக்கில். "இந்த ஷெட்டின் காற்றில் நுண்துகள் ஒன்றுகூட இல்லை! பனிமலைகளின் உச்சியில் இல்லாத தூய்மை, ஆழ்கடலின் நடுவில் இல்லாத தூய்மை, நமது டீசல் என்ஜின்களுக்கு நடுவே..." இங்கே அவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். நெடுநேரம் தொடர்ந்தார். மேலாளர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பின்வரிசையில் நின்ற பிஸ்டன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டர் ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான்.

மறுநாள் பிஸ்டன் மேலாளரிடம் போனார்.

"உலகத்துலேயே சுத்தமான இடத்துல உங்களை உக்கார வெச்சிருக்கேன்," என்றார் மேலாளர் வருத்தத்தோடு. "டயர் கிடங்குல காத்து எப்படின்னு யாரு அளந்தா? இதய நோயாளிய அளக்காத காத்துல கொண்டுபோய் விட்டு, நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா, உங்க வீட்டம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பிஸ்டன் திரும்பி வந்தார். பூஜ்யம் அதோடு நிற்கவில்லை. வாசல் பலகையில் பச்சையாக இருந்தாலும் ஏதோ ஓர் எண் இருந்தது; ஷெட்டுக்குள் எண்ணே இல்லை. ஆகவே வெளிக்காற்று உள்ளே வந்தால் உள்காற்று கெட்டுவிடும் என்று மேலாளர் கண்டுபிடித்தார். ஜன்னல்களை அடைத்தார்கள். பஸ் நுழையும்போது தவிர மற்ற நேரத்தில் ஷட்டரை இறக்கி வைக்க உத்தரவு. சுவரில் புகையை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறி, தூய காற்றை வீணாக வெளியே அனுப்புகிறது என்று நிறுத்தப்பட்டது. ஆஸ்துமா உள்ள பயணச்சீட்டுப் பிரிவுப் பெண் ஒருத்திக்கும், நெஞ்சுச்சளியில் அவதிப்பட்ட ஒரு காவலாளிக்கும் மருத்துவக் காரணங்களுக்காக ஷெட்டுக்குள் மேசை போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பெண் முதல் நாள் மதியமே கையெடுத்துக் கும்பிட்டு, தனக்கு உடம்பு குணமாகிவிட்டது என்று சொல்லிப் பழைய இடத்துக்குப் போய்விட்டாள். காவலாளிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மேலாளர் சுற்றுக்கு வரும்போதெல்லாம் "எப்படி இருக்கு?" என்பார். "நல்லா இருக்குங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று தடவை இருமல் வரும்.

"பழைய அழுக்கெல்லாம் வெளிய வருது. நல்லதுதான்" என்பார் மேலாளர்.

பிஸ்டனுக்கு மாடிப்படி ஏறினால் நின்ற மூச்சு, இப்போது சட்டைப் பித்தான் போடும்போதே நின்றது. அக்காள் தம்பியைப் போனில் பிடித்தாள்.

"என்னடா மெஷின் அது? வீட்டுல சாம்பிராணி போட்டாக்கூட பூஜ்யம் வராதே?"

"அன்னைக்கு ஏதோ கோளாறுக்கா. திரும்ப அளந்து திருத்திடலாம்."

"எப்போ?"

"சீக்கிரம்க்கா."

இந்த உரையாடல் மழைக்காலம் முழுக்க நடந்தது. கோளாறு என்னவென்று அவள் கேட்கும்போதெல்லாம் அவனுக்குப் போனில் சரியாகக் கேட்காமல் போயிற்று.

கடைசியில் ஆல்கஹால் வந்தது. ஒரு சிறிய புட்டி, அதைத் திறக்க மூன்று பேர் சாட்சி. ஒரு காலை வேளையில் யாருக்கும் சொல்லாமல் மீட்டர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பணிமனைக்குப் போனான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே நான்கைந்து பஸ்கள் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்தன. பிஸ்டன் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். உதட்டு ஓரம் நீலம் பாரித்திருந்தது.

பொத்தானை அழுத்தியதும் எண்கள் ஓடத் தொடங்கின. ஆயிரங்களைத் தாண்டி, லட்சங்களைத் தாண்டி, இயந்திரத்தால் எண்ண முடிந்த கடைசி எண்ணில் போய் முட்டிக்கொண்டு நின்று, அங்கேயே மின்னி மின்னி எரிந்தது.

"என்ன மாப்ள, பூஜ்யம் நிறையப் போடுது?" என்றார் பிஸ்டன்.

"இதுக்கு மேல எண்ணத் தெரியாது மாமா அதுக்கு."

"அன்னைக்கு?"

மீட்டர் தரையைப் பார்த்தான். "அன்னைக்கு மெஷின் காலி. உள்ள ஊத்தற சரக்கு இல்ல."

பிஸ்டன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்காமல், காவலாளி வந்து முதுகைத் தடவி விடும்படி ஆயிற்று. மூச்சு திரும்பியதும் சொன்னார்: "நானும் சரக்கடிக்காதவன், அதுவும் சரக்கடிக்காதது. ரெண்டு பேருக்கும் அதனாலதான் வேலை ஓடல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காகிட்ட இதைச் சொல்லிடாத. உரிச்சுத் தோரணம் கட்டிடுவா. மொதல்ல உங்க ஆபீசுல சொல்லு. என்னைக் கிடங்குக்கு மாத்தினா போதும், மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

மீட்டர் நேராக இயக்குநரிடம் போனான். அவர் பொறுமையாகக் கேட்டார். மேசைமீது, பூஜ்யத்துக்காக வெளியூரில் கொடுத்த கேடயம் பளபளத்தது.

"அதாவது, இரண்டு அளவீடு இருக்கு."

"ஆமா சார். முதல்ல எடுத்தது தப்பு. புட்டி காலி."

"நீங்க சொல்றீங்க. சரி. முதல் அளவீட்டுக்கு எத்தனை பேர் சாட்சி?"

"நிறையப் பேர் சார்."

"இரண்டாவதுக்கு?"

"நான்... அப்புறம் எங்க மாமா."

"உறவுக்காரர்." இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "விஞ்ஞானத்துல பாசத்துக்கு இடம் இல்ல தம்பி. இன்னொண்ணு, இரண்டாவது அளவீடு என்ன எண்ணு?"

"எண்ணு இல்ல சார். மெஷினோட எல்லையைத் தாண்டிடுச்சு."

"பாத்தீங்களா? முதல் அளவீடு தெளிவா ஓர் எண்ணைச் சொல்லுது. இரண்டாவது, எண்ணையே சொல்லல. எது துல்லியம்?"

மீட்டரின் தொண்டையில் திருப்புளி இறங்கியது. இயக்குநரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். முறைப்படி மறுஅளவீடு செய்யலாம், அதற்குக் குழு போட வேண்டும், குழு கூடட்டும். "அதுவரைக்கும் பூஜ்யம் இருந்துட்டுப் போகட்டும். அது யாரை என்ன பண்ணுது?"

குழு கூடுவதற்கு முன்பே குளிர் வந்துவிட்டது. குளிர் நாளில் விடியும்போது எல்லா பஸ்ஸையும் ஒன்றாகக் கிளப்பிச் சூடேற்றுவது பணிமனை வழக்கம். வெளியே மூடுபனி, வாசல் பலகை அன்றைக்கென்று மஞ்சளாக எரிந்தது. அதைப் பார்த்துப் பயந்த மேலாளர், ஷெட்டின் தூய்மையைக் காப்பாற்ற ஷட்டரை முழுக்க இறக்கச் சொன்னார். உள்ளே வரிசையாக என்ஜின்கள் ஓடின. பிஸ்டன் ஒரு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஸ்பேனர் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அவர் விழுந்ததை முதலில் பார்த்தது காவலாளி; இருமலை மீறி அவரால் யாரையும் கூப்பிட முடியவில்லை. மேசையைத் தட்டினார். ஷட்டரைத் தூக்கி வெளியே கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர் குரல் உடைந்து பேசினார். இறுதி மூச்சுவரை தூய காற்றைச் சுவாசித்த மனிதர் என்றார்.

வீட்டில் வந்தவர்கள் எல்லாம் போனபிறகு அக்காளும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். பகல் வெளிச்சம் தையல் இயந்திரத்தின்மேல் விழுந்து கிடந்தது. அவள் அவருடைய வேலைச் சட்டையை மடியில் வைத்து, கிழியாத இடத்தில் கிழிசல் தேடிக்கொண்டிருந்தாள்.

மீட்டர் எல்லாவற்றையும் சொன்னான். புட்டி காலி, சிவப்பு விளக்கு, ஸ்டிக்கர், பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே முட்டி நின்ற எண், சாட்சி, குழு. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல, நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

அவள் கத்தவில்லை. உரிக்கவும் இல்லை.

"அன்னைக்கு அந்த ஆள் மைக்குல பூஜ்யம் பூஜ்யம்னு கத்தினானே, அப்போ நீ எங்க நின்ன?"

"பக்கத்துலதான்."

"காலின்னு தெரியும்ல?"

"தெரியும்."

"'சார், இது காலி.' மூணு வார்த்தை. ஏன்டா சொல்லல?"

அவன் பதில்களை அடுக்கினான். வேலை போயிருக்கும் என்றான். அவள் சட்டையைப் புரட்டிப் போட்டாள். மேலதிகாரியைச் சபையில் அவமானப்படுத்தக் கூடாதென்பது விதி என்றான். அப்போதே சொல்லியிருந்தால் இயந்திரத்தையே திருப்பி அனுப்பியிருப்பார்கள், பிறகு எப்போதுமே அளக்க முடிந்திருக்காது, மாமாவுக்காகத்தான் அடக்கிக்கொண்டேன் என்றான். இதைச் சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கிவிட்டது. ஓர் அமைப்புக்குள் தனி மனிதனால் என்ன செய்ய முடியும் என்றுகூடக் கேட்டான்.

"அதெல்லாம் இப்போ யோசிச்சது," என்றாள் அக்காள். "அந்த நேரத்துல உன் மனசுல என்ன இருந்துச்சு?"

அவன் அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தான்.

அன்று காலை அவன் சாப்பிடாமல் வந்திருந்தான். பேச்சு முடிந்ததும் சாப்பாடு என்று சொல்லியிருந்தார்கள். நடுவில் ஏதாவது சொன்னால் இயக்குநர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவனுக்குப் பசித்தது.